அச்சத்தின் மொழி: கிழக்குக் கரை முஸ்லிம் மரபை முன்வைத்துச் சில குறிப்புகள்

சமயத்தின் ஊற்றுக்கண் அச்சமே என்ற கருத்து பொருள்முதல்வாதச் சிந்தனையில் மிகத் தொன்மையானது. உரோமக் கவிஞர் லுக்ரீசியஸ் முதல், 1757இல் சமயத்தின் இயற்கை வரலாற்றை எழுதிய ஹியூம், 1927இல் இலண்டனில் உரையாற்றிய பெர்ட்ரண்ட் ரசல் வரை அது பல வடிவங்களில் தொடர்ந்து வந்துள்ளது. நம் முற்போக்குத் திறனாய்வாளரும் அதனை நன்கறிவர். அறிந்த அளவில் நின்றுவிட்டமையே குறை. 1909இல் லெனின் இக்கூற்றை எடுத்தாண்டபோது, நவீன காலத்தில் மக்களை அச்சுறுத்துவது மூலதனத்தின் குருட்டு வலிமை என அதற்கு வரலாற்று உள்ளடக்கம் அளித்தார். ஆகவே, மக்கள் எதற்கு அஞ்சுகின்றனர், அவ்வச்சத்துக்கு மொழி வழங்குபவர் யார், அம்மொழி எவர் தலையில் குற்றத்தைச் சுமத்துகிறது என்பனவே நாம் எழுப்பவேண்டிய வினாக்கள். இலக்கிய மாணவனுக்கு இவற்றுள் இரண்டாவது வினா நெருக்கமானது.

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த, வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் விடையளிப்பதாக அமைந்த இந்நூலில் படைப்பும் மறுமையும் சுவர்க்கமும் நரகமும் விரித்துரைக்கப்படுகின்றன. நரக வருணனை கேட்போரை நடுங்கச் செய்யும் என்பதில் ஐயமில்லை. எனினும் வடிவத்தை நோக்குக. அச்சம் இங்கு வினாவுக்கு விடையாகவே வருகிறது. வினவுபவர் கற்றவர், ஐயுறும் உரிமையுடையவர், மனநிறைவு எய்திய பின்னரே நம்பிக்கையை ஏற்பவர். பிற்கால மேடைப் பேச்சு இந்த வினாவுவோரை அகற்றிவிட்டு, விடையை மட்டும் ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டது.

இதற்கு வேறான மரபொன்று நாகூர் ஷாஹுல் ஹமீது வலியைச் சூழ்ந்து எழுந்தது. குலாம் காதிறு நாவலர் முதலியோர் பாடிப் போற்றிய அப்பெரியாரின் கறாமத்துகளுள் பலரும் அறிந்தது, ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலைக் கரையிலிருந்தே கண்ணாடியொன்றை எறிந்து காத்த கதை. கப்பல் ஒல்லாந்தருடையது என்பர் பலர். வலியாரோ பதினாறாம் நூற்றாண்டினர். ஒல்லாந்தர் நாகபட்டினத்தைக் கைப்பற்றியது 1658இல். இக்கால முரணைச் சுட்டி நகைப்பது எளிது. ஆயின், வங்கக் கடலெங்கும் வாணிபமும் கூலியும் தேடிச் சென்ற மரைக்காயரும் மாலுமிகளும் தம் காலத்து அச்சத்தைப் பழைய பெயரொன்றின்மேல் ஏற்றியமைக்கு அம்முரணே சான்று. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவும், ஆண்டுதோறும் கொடியேற்றம் காணும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலும் அவ்வச்சம் பயணம் செய்த வழியைக் காட்டுவன. கடலுக்கு அஞ்சி வருவோனை நோக்கி, உன் பாவங்களை எண்ணிப்பார் என வலியார் சொல்வதில்லை. இம்மரபைப் பொற்காலமாக்கவும் வேண்டா. வலியாரின் அருள் கரைவலையின் பங்குமுறையைத் தொட்டதில்லை. வள்ளமும் வலையும் உடைமையாளரிடமே இருந்தன.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின், வளைகுடா உழைப்புடன் சீர்திருத்தக் கருத்துகளும் இக்கரையில் வலுப்பெற்றன. வலியார் வழிபாடு ஷிர்க் எனக் கண்டிக்கப்பட்டது. நேர்ச்சைப் பணத்தில் வாழ்ந்தோரைக் கேள்விக்குட்படுத்திய அளவில் அக்கண்டனத்தில் பகுத்தறிவின் கூறும் உண்டு. ஆனால், அச்சத்தைத் தேற்றும் மொழி ஒதுக்கப்பட்ட இடத்தில் அச்சத்தை ஏவும் மொழியே எஞ்சியது. தக்வா என்ற அறபுச் சொல்லின் வேரில் காத்தல் என்னும் பொருள் உண்டு. தமிழில் அது 'இறையச்சம்' என்றே நிலைபெற்றமை மொழிபெயர்ப்பின் வசதி மட்டுமோ என்பது தனியே ஆராயற்பாலது.

2004 டிசம்பர் 26இல் அலை வந்தபோது இம்மொழி ஆயத்தமாக இருந்தது. களுத்துறைக் கடலின் செய்மதிப் படமொன்றில் அலை 'அல்லாஹ்' என எழுதியிருப்பதாகக் கூறிப் பிரதிகள் பரப்பப்பட்டன. பாவத்தின் சம்பளம் என்ற விளக்கம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பிற சமயப் போதகர் சிலரும் அதனையே கூறினர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் இறந்த விகிதம் ஏனையோரைவிட மிகுதி. வயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் நெருக்குண்டு வாழ்ந்தவர்கள் இவர்கள். தண்டனை என்ற சொல் காணி பற்றிய வினாவை எழவிடாது தடுத்தது. பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனக் கட்டடத் தடை வந்தது. நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் எழுந்த 500 வீடுகள் 2009ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின் பல்லாண்டு ஆளற்றுக் கிடந்தன.

அந்நாளைய கவிதைகளில் பல கடலைத் தாயென விளித்து, ஏன் கொன்றாய் என நியாயம் கேட்டன. மேடையில் சினந்த இறைவனின் இடத்தில் கவிதையில் சினந்த தாய் நின்றாள். காணியும் அதிகாரமும் இரண்டிலும் இல்லை. அக்கவிதைகளைச் சமயச் சார்பற்றவை எனப் பாராட்டியோர் இவ்வொப்புமையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒலுவிலில் இன்றுள்ள கடலச்சம் வேறு வகையினது. டென்மார்க்குக் கடனுதவியில் அமைந்து 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயிலில் மணல் மூடியது. வடபுறத்தே கடல் கரையை அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கியது. இங்கு அஞ்சுவோர் தொழுது பிரார்த்தித்ததோடு நில்லாது, வீதிக்கு வந்து கல்லணை கோரினர், இழப்பீடும் கோரினர். கடல் எதனால் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய மனுக்களில் பயின்ற தமிழை நம் திறனாய்வு இன்னும் இலக்கியச் சான்றாக எடுத்து ஆராயவில்லை.