சொன்ன வாக்கும் பார்த்த காட்சியும்

திருப்பதி மாவட்டத்தில் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நாராயணவனம்தான் பத்மாவதியின் தந்தை ஆகாசராஜனின் தலைநகர் என்றும், ஸ்ரீநிவாசன் அவளை மணந்தது அங்கேதான் என்றும் தலபுராணம் சொல்கிறது. கல்யாண வேங்கடேசுவரர் கோயில் அந்த நினைவில் நிற்பது. இந்தக் கல்யாணக் கதையை இராமாயணத்துக்கும் பாகவதத்துக்கும் வந்த அடுத்த பாகம் என்று சொன்னால் தவறில்லை. சீதையின் இடத்தில் மாய சீதையாக நின்று இலங்கைச் சிறையை அனுபவித்தவள் வேதவதி. அவளை ஏற்றுக்கொள்ளும்படி சீதையே கேட்க, ஏகபத்தினி விரதம் பூண்ட இராமன் கலியுகத்தில் மணப்பதாக வாக்குக் கொடுத்தான். அந்த வேதவதியே பத்மாவதி. மகனுடைய கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஏங்கிய யசோதைக்குக் கண்ணன் தந்த வாக்கு இன்னொன்று. அவளே வகுளமாலிகையாக வந்து இந்தக் கல்யாணத்தைப் பேசி முடிக்கிறாள். சீதை கிடைத்ததுபோல் உழுத நிலத்தில் பெண்குழந்தை கிடைக்கும் பழைய காட்சி இதிலும் உண்டு. ஆனாலும் அந்தக் காட்சியை மறுபடி காட்டுவதற்காக இந்தக் கதை பிறக்கவில்லை. தீராமல் நின்ற இரண்டு வாக்குகளைத் தீர்க்கப் பிறந்தது.

இந்த வேறுபாடு இன்றைய திரைப்பட ரசிகருக்கு மிகவும் தேவைப்படுகிறது. 2025 மார்ச்சில் ‘கிருஷ் 4’ அறிவிக்கப்பட்டது. ‘கோயி மில் கயா’ (2003), ‘கிருஷ்’ (2006), ‘கிருஷ் 3’ (2013) என்ற மூன்று படங்களையும் இயக்கியவர் ராகேஷ் ரோஷன். நான்காவதை இயக்கப்போகிறவர் மூன்றிலும் நாயகனாக நடித்த அவருடைய மகன் ஹிருத்திக். அறிவியல் புனைவில் ஒரு முத்தொகுதியைப் பத்து ஆண்டுகளில் முடித்து, அதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் ரசிகரைக் காக்கவைத்த உதாரணம் இந்தியத் திரையில் அரிது. அறிவிப்பு வந்த நாள் முதல் முதல் படத்தில் வந்த வேற்றுக்கோள் உயிரான ஜாதூ திரும்பி வருமா, யார் வில்லன், எத்தனை கோடி என்ற பேச்சுத்தான். எதிர்பார்ப்பு என்னும் இந்தப் பழக்கத்தைக் கண்மூடித்தனம் என்று ஒதுக்கிவிடுவது விமர்சகருக்கு எளிது. அப்படி ஒதுக்கத் தக்கதன்று அது. அதற்குள் இரண்டு வேறு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. கதை கொடுத்த வாக்கைத் தீர்க்கச் சொல்லும் ஆசை ஒன்று. முன்பு பார்த்த காட்சியைத் திரும்பக் கேட்கும் ஆசை மற்றொன்று. முதலாவது ஒரு படைப்பை வளர்க்கும், இரண்டாவது அதைத் தேய்க்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எதிர்பார்ப்பின் பலத்தைப் பார்க்கலாம். ஒரு கதை எதைச் சொல்லாமல் விட்டது என்பதைப் படைத்தவரைவிட ரசிகர் கூர்மையாக நினைவில் வைத்திருப்பார். தமிழில் இதற்கு நல்ல சான்று சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வாராவாரம் வாசகர் காத்திருந்து படித்த கதை முதலாவது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால நாட்டில், கணவனைத் தொலைத்த நிலாவும் ஜீனோ என்ற இயந்திர நாயும் அந்த ஆட்சியின் பொய்யைக் கண்டுபிடிக்கிறார்கள். ஜீவா என்று ஒருவரே இல்லை என்பது அம்பலமானதும் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு கேள்வி மீதியிருக்கிறது: இல்லாத ஒருவரின் பெயரால் நடந்த அதிகாரம் இனி யார் கைக்குப் போகும்? இரண்டாவது நாவல் பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான். நிலா அரசியாகிறாள், ஆனாலும் ஆட்டுவிக்கும் கைகள் வேறு. வாசகருக்குப் பிரியமான ஜீனோவை சுஜாதா திரும்பக் கொண்டுவந்தார். கூடவே அதைப் படிக்கவும் யோசிக்கவும் வாதாடவும் வைத்து, இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையில் கோடு எங்கே என்ற பெரிய கேள்விக்குள் தள்ளினார். வாசகர் நாயைக் கேட்டார்கள், நாயோடு ஒரு தத்துவச் சிக்கலும் சேர்ந்து கிடைத்தது. எதிர்பார்ப்பு நன்றாக வேலை செய்தால் விளைவது இது.

அதே சுஜாதாவின் பங்களிப்போடு தொடங்கிய ‘எந்திரன்’ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சுஜாதா 2008 பிப்ரவரியில் காலமானார். ஷங்கரின் படம் 2010 அக்டோபரில் வந்தது. சண்டைகளும் பாட்டுகளும் போக, அந்தப் படத்தின் முடிவில் ஒரு கனமான இடம் உண்டு. பல ஆண்டுகளுக்குப் பின் அருங்காட்சியகத்தில் பிரித்துவைக்கப்பட்டிருக்கும் இயந்திர மனிதன் சிட்டி, சிந்திக்கத் தொடங்கியதே தன் குற்றம் என்ற பொருள்பட ஒரு குழந்தைக்குப் பதில் சொல்கிறது. உணர்வை ஊட்டிய விஞ்ஞானி வெளியே இருக்கிறார். உணர்ந்த இயந்திரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இது நியாயமா என்பதுதான் படம் விட்டுச்சென்ற பாக்கி. 2018 நவம்பரில் வந்த ‘2.0’ அந்தப் பாக்கியைத் தொடவே இல்லை. செல்போன் அலைகளால் பறவைகள் அழிகின்றன என்று மனம் நொந்து இறந்த பட்சிராஜனை எதிரியாக நிறுத்தி, அவரை அடக்க சிட்டியை ஓர் ஆயுதம்போல் எடுத்துவந்தது. முதல் படத்தில் அரங்கு அதிர்ந்தது சிவப்புச் சில்லு பொருத்திய வில்லன் சிட்டிக்குத்தான் என்பதால், அதே சிட்டி மறுபடி அழைத்துவரப்பட்டது. ‘2.0’வுக்கு நியாயம் செய்து பார்த்தால், பட்சிராஜனின் ஆற்றாமை நிஜமானது. எதிரிக்கு இவ்வளவு அறம் கொடுத்த வணிகப் படங்கள் குறைவு. குறை அங்கில்லை. சிந்தித்ததற்காகப் பிரிக்கப்பட்ட இயந்திரம் அழைத்ததும் எழுந்து வருகிறதே, அதற்கு ஒரு சொல் மனக்கசப்புக்கூட இல்லாமல் போனதே, அங்கேதான் இருக்கிறது. கைதட்டல் கிடைத்த காட்சிக்கு இடம் கிடைத்தது, கேள்விக்குக் கிடைக்கவில்லை.

ஹாலிவுட்டில் இந்த இழுபறி இன்னும் அப்பட்டமாக நடந்தது. 1977 முதல் 1983 வரை வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ முத்தொகுதிக்கு 2015இல் தொடர்ச்சி வந்தபோது, பாலைவனக் கோளில் தனித்து வளரும் இளம் உயிர், கோள்களை அழிக்கும் மாபெரும் ஆயுதம் என்று 1977 படத்தின் சட்டகமே திரும்பியது. அதைக் கண்டு மகிழ்ந்தவர்களே பிறகு பழையதையே பரிமாறிவிட்டார்கள் என்றும் குறைப்பட்டார்கள். 2017இல் வந்த படம் துணிந்து வேறு திசையில் போனது. நாயகியின் பெற்றோர் யாரோ எளியவர்கள், வீரம் பரம்பரைச் சொத்தில்லை என்றது. ரசிகர் இரண்டாகப் பிளந்தார்கள். அதில் நடித்த கெல்லி மேரி டிரான் வசைமழைக்கு ஆளாகிச் சமூக ஊடகத்திலிருந்தே விலகினார். 2019இல் வந்த படம் பின்வாங்கி, நாயகியைப் பழைய வில்லனின் பேத்தியாக்கியது. எதிர்பார்ப்பு அதட்டலாக மாறினால் ஒரு நல்ல எண்ணம் எப்படி வாபஸ் வாங்கப்படும் என்பதற்கு இது பாடம். 2021இல் வந்த நான்காவது ‘மேட்ரிக்ஸ்’ இந்த நெருக்கடியையே கதையாக்கியது. தான் உருவாக்கிய மூன்று விளையாட்டுகளுக்கு நான்காவது ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்று நிறுவனம் நெருக்கும் நிலையில் நாயகன் இருக்கிறான். கேலி கூர்மையாகத்தான் இருந்தது. ஆனால் கேட்பவரைக் கேலி செய்வது கேட்டதற்குப் பதிலாகிவிடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பார்த்ததையே மறுபடி பார்க்க விரும்புவதில் என்ன தவறு? நாராயணவனத்துக் கோயிலில் திருக்கல்யாணம் மறுபடி மறுபடி நடக்கிறது. மாலை மாற்றுவதில் புதுத் திருப்பம் வேண்டும் என்று எந்தப் பக்தரும் கேட்பதில்லை. தெரிந்த கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த மரபு நம்முடையது. இந்த மறுப்பில் உண்மை உண்டு; மறுபடி பார்க்கும் இன்பம் இழிவானதன்று. ஆனால் திருக்கல்யாணம் தன்னை அடுத்த பாகம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அதே கல்யாணம் அதே பெயரில் நடக்கிறது. திரையில் அந்த இன்பத்துக்குச் சரியான வழி மறுவெளியீடுதான். 2024 ஏப்ரலில் ‘கில்லி’ திரும்ப வந்தபோது அரங்குகள் நிறைந்தன. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, இளையராஜா இசையில் 1991இல் வந்த தெலுங்குக் காலப்பயணப் படம் ‘ஆதித்யா 369’, 2025 ஏப்ரலில் மறுபடி திரைக்கு வந்தது. பழைய காட்சி வேண்டுமென்றால் பழைய படமே இருக்கிறது, அதுவும் அசலாக. அதன் நகலைப் புதுப்படம் என்று விற்றால் இரண்டு இன்பமும் கெடும்.

படைப்பாளியின் சுதந்திரம் என்னாவது என்பது இரண்டாவது மறுப்பு. ரசிகர் சொன்னபடி எழுதுகிறவர் கலைஞரா என்று கேட்பார்கள். முற்றிலும் புதிய கதை எழுதும்போது அந்தச் சுதந்திரம் முழுமையானது. ஆனால் பழைய பெயரையும் பழைய முகத்தையும் முதலீடாகப் போட்டு வியாபாரம் செய்கிறவர், அந்தப் பெயரோடு ஒட்டியிருக்கும் பொறுப்பை மட்டும் கழற்றிவிட முடியாது. விடை என்னவாக இருக்கவேண்டும் என்று கட்டளையிட ரசிகருக்கு உரிமையில்லை. கேள்வியை மறக்காதே என்று சொல்லும் உரிமை நிச்சயம் உண்டு. எதிர்பார்ப்பே நிறுவனங்கள் ஊதிப் பெருக்கும் சரக்குத்தானே என்பது மூன்றாவது மறுப்பு. பெருமளவு உண்மை இது. 2024இல் வந்த ‘கல்கி 2898 ஏடி’ போல நடுவழியில் நிறுத்திவைக்கும் படங்கள், கல்யாணத்துக்காக ஸ்ரீநிவாசன் குபேரனிடம் வாங்கிய கடனைப்போலக் கலியுகம் முடியும்வரை கணக்கைத் திறந்தே வைக்கப் பார்க்கின்றன. அதனாலேயே ரசிகர் பகுத்தறிந்து எதிர்பார்க்கவேண்டும். விளம்பரம் தூண்டும் ஆவல் ‘அடுத்து என்ன வரும்’ என்று மட்டும் கேட்கும். கதை தூண்டும் ஆவல் ‘இதற்கு என்ன பதில்’ என்று கேட்கும்.

இந்த அளவுகோலைக் ‘கிருஷ்’ வரிசைக்கு வைத்துப் பார்க்கலாம். முதல் படத்தின் ரோஹித் மனவளர்ச்சி குன்றிய இளைஞன். பள்ளியிலும் வெளியிலும் அவமானப்படுகிறவன். ஜாதூ அவனுக்கு அறிவும் ஆற்றலும் தருகிறது, உலகம் அவனை மதிக்கத் தொடங்குகிறது. நெகிழவைத்த அந்தப் படத்தில் சங்கடமான ஓர் இடைவெளி இருக்கிறது: ஆற்றல் வந்திராவிட்டால் அவனை யார் மதித்திருப்பார்கள்? அடுத்த இரண்டு படங்களும் அந்த இடைவெளியை விட்டு வெகுதூரம் பறந்துவிட்டன. மூன்றாவதில் இன்னொரு கனமான கேள்வி பிறந்தது. ‘கால்’ என்னும் வில்லன் வேறு யாருமில்லை, ரோஹித்தின் மரபணுவிலிருந்து உருவானவன், உடல் முடங்கியவன். ஒரு வகையில் ரோஹித்தின் மகனான நாயகன் கிருஷ்ணாவுக்குச் சகோதரன். ஒரு மகனுக்கு வானத்தில் பறக்கும் வரம், இன்னொருவனுக்குச் சக்கர நாற்காலியும் வெறுப்பும். படம் இதைத் தொட்டுவிட்டு, கட்டடங்கள் நொறுங்கும் சண்டையில் கரைத்துவிட்டது. ரோஹித் இறந்தும்போகிறான்.

ஆகவே, ஜாதூ வருமா என்ற கேள்வி தன்னளவில் சின்னது. வந்தால் எதற்காக என்பதுதான் பெரியது. நீல நிறத்து முகத்தை ஒரு நிமிடம் காட்டி விசில் வாங்குவதற்கு நான்காவது படம் தேவையில்லை; முதல் படத்தை மறுபடி ஓட்டினால் போதும். தான் கொடுத்த வரம் மூன்று தலைமுறையில் என்ன செய்தது, ஆற்றல் இல்லாத ஒரு ரோஹித்தை இந்த உலகம் இன்றாவது ஏற்குமா, ‘கால்’ என்ற வில்லனைப் போன்ற ஒருவன் உருவானதற்கு யார் பொறுப்பு என்று கேட்க அது வருமானால், அந்தப் படம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. எதிர்பார்ப்பை அடக்கிக்கொள்ளுங்கள் என்று ரசிகருக்கு அறிவுரை சொல்லத் தேவையில்லை. இன்னும் கூடுதலாக எதிர்பாருங்கள் என்றே சொல்லவேண்டும். டிக்கெட் வாங்குவதற்கு முன் பழைய படத்தை ஒருமுறை பார்த்து, அது எதற்குப் பதில் சொல்லாமல் போனது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். புதுப்படத்தை அந்தக் குறிப்போடு பாருங்கள்.