மாத்தளைக் கடலுக்கு எந்தப் பம்ப்?

மாத்தளை நகரின் நடுவே ஓடும் வீதிக்குத் திருகோணமலை வீதி என்று பெயர். கடல் அந்தப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. நாலந்தை, தம்புள்ளை, ஹபரணை தாண்டி ஏறக்குறைய 150 கிலோமீற்றர் போனால்தான் அலையைப் பார்க்கலாம். அங்கிருந்து கான்களில் நிரப்பி வேனில் ஏற்றிக்கொண்டு வந்த தண்ணீரில்தான் என் வீட்டு முன்னறையில் இரண்டு கோமாளி மீன்கள் நீந்துகின்றன. 20 லீற்றர் கடல்நீர் இருபதரைக் கிலோ கனக்கும். நீர்கொழும்பில் மீன் வளர்ப்பவர் ஒரு வாளி சிந்தினால் துடைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்வருவார். எங்களுக்கு அது ஒரு நாள் பயணம். அதனால் பம்ப் என்றதும் நான் முதலில் கேட்பது அது எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று அல்ல, கரண்ட் போனால் என் தரை நனையுமா என்றுதான்.

தண்ணீரைப் பற்றி ஒரு செய்தி. எங்கள் ஊர் மழை சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கையாகி, மகாவலியோடு கலந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. மார்கழி, தை மழையில் அந்தக் குடாவின் உப்பு குறைந்துவிடும். நான் ஆடி, ஆவணியில், ஆற்று வாயிலிருந்து விலகிய கரையில் எடுக்கிறேன். எடுத்த இடத்திலேயே உப்புமானியால் பார்த்து, ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்தால்தான் கானை மூடுவேன்.

இனித் தொட்டி. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 200 லீற்றர் தண்ணீர் நிற்கும். கீழே அலமாரிக்குள் சம்ப், அதில் 45 லீற்றர். மேல் தொட்டியில் வழியும் நீர் சம்புக்கு இறங்கி, ஸ்கிம்மரில் அழுக்கை விட்டுவிட்டு, ரிட்டர்ன் பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறும். ஏற வேண்டிய உயரம் 1.35 மீற்றர்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். தொட்டிக்குள் இருக்க வேண்டிய நீரோட்டம் முழுவதையும் ரிட்டர்ன் பம்ப் ஒன்றே தந்துவிட வேண்டும் என்று நினைத்து, இருப்பதிலேயே பெரியதை வாங்குகிறார்கள். ரிட்டர்ன் பம்பின் வேலை தண்ணீரைச் சம்புக்கும் தொட்டிக்கும் இடையே சுற்றவிடுவது மட்டுமே. மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு சுற்றினால் தாராளம். என் தொட்டிக்கு 600 முதல் 1000 லீற்றர். பவள வகைகள் கேட்கும் இருபது மடங்கு ஓட்டத்தை உள்ளே ஒட்டவைக்கும் வேவ் மேக்கர் தரட்டும். அது தண்ணீரை உயரத் தூக்க வேண்டியதில்லை, அதனால் ஐந்தாறு வாற்றிலேயே ஆயிரக்கணக்கான லீற்றரைப் புரட்டிவிடும். பெரிய ரிட்டர்ன் பம்ப் போட்டால் வழிகுழாய் இரவெல்லாம் களகளக்கும், ஸ்கிம்மர் தடுமாறும், மின்கட்டணமும் ஏறும்.

2023இல் நான் முதலில் போட்டது இத்தாலிய சிச்சே நிறுவனத்தின் சிங்க்ரா சைலன்ட் 3.0. நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுவது. பெட்டியில் மணிக்கு 2700 லீற்றர், 45 வாற்று, அதிக உயரம் 3 மீற்றர் என்று இருந்தது. அந்த 2700, தண்ணீரைச் சிறிதும் மேலே தூக்காமல் ஓடவிட்டால் வரும் கணக்கு. 3 மீற்றர் என்பது ஒரு சொட்டும் வெளியே வராமல் நின்றுவிடும் உயரம். நமக்குத் தேவையான எண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, பெட்டி அதைச் சொல்லாது. வாளி சொல்லும்.

மேலே தண்ணீர் விழும் இடத்தில், அதே உயரத்தில், பத்து லீற்றர் வாளியைப் பிடித்துக் கைபேசியில் நேரம் பார்த்தேன். 26 செக்கன். மணிக்கு 1385 லீற்றர், பெட்டியில் எழுதியதில் பாதிதான். பம்பில் குறையில்லை, குறை என் குழாயில். முக்கால் அங்குலக் குழாயும் ஐந்து எல்போவும் போட்டிருந்தேன். தண்ணீர் ஒவ்வொரு முறை செங்கோணமாகத் திரும்பும்போதும் அழுத்தத்தில் ஒரு பங்கை இழக்கிறது. குழாயை ஒரு அங்குலமாக்கி, எல்போக்களை இரண்டாகக் குறைத்தேன். வாளி 21 செக்கனில் நிரம்பியது: மணிக்கு 1714 லீற்றர். அதே பம்ப், அதே மின்சாரம். பெரிய பம்ப் வாங்கப் போகிறவர் முதலில் குழாயை மாற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டம் கூடிப்போனால் பம்பின் வெளிக்குழாயில் வால்வு வைத்து அடக்கலாம், இந்த வகைப் பம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. உறிஞ்சும் பக்கத்தை மட்டும் நெரிக்கக் கூடாது.

இந்தப் பம்பில் எனக்குப் பிடித்தது அதன் பீங்கான் அச்சு. குளத்துக்கும் நீரூற்றுக்கும் விற்கும் மலிவான பம்புகள் சிலவற்றில் உலோக அச்சு இருக்கும். உப்புநீரில் அது துருப்பிடிக்கும், துரு தொட்டிக்குள் கரையும். வாங்கும்போது மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்காதது வெப்பம். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் 45 வாற்றும் கடைசியில் தண்ணீரின் சூடாகிறது. மாத்தளை மலைநாடு என்றாலும் நகரம் 360 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, பகலில் முப்பது பாகை சாதாரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினாகிரியும் தண்ணீரும் கலந்து ஊறவைத்துச் சுண்ணாம்புப் படிவை நீக்காவிட்டால், கரண்ட் போய் வந்த பிறகு சுழலி திரும்பாமல் உறுமிக்கொண்டே நிற்கும்.

கரண்ட் போவதுதான் இங்கே பெரிய சோதனை. முதல் வருட ஐப்பசியில் ஒரு இடிமழை இரவு மின்சாரம் நின்றது. விடிய எழுந்து பார்த்தால் முன்னறைத் தரையில் கடல்நீர். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் தண்ணீரைக் கீழே உறிஞ்சத் தொடங்கியிருக்கிறது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே இருந்தது. என் தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லீற்றர், எட்டுக்கு 43. சம்பில் மிச்சமிருந்த இடமோ 37 லீற்றர்தான். குழாயின் வாயை ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினேன். இப்போது இறங்குவது எட்டு லீற்றரும், வழிந்து தீரும் கொஞ்சமும். ஒருவழி வால்வை நம்பச் சொல்வார்கள். அதில் சுண்ணாம்பு படியும், நத்தை போய் உட்காரும், பிறகு மூடாது. வாய் நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால் காற்று தானாகவே நுழைந்து உறிஞ்சலை அறுத்துவிடும். மேற்பரப்பும் சிலுசிலுக்கும். 27 பாகை கடல்நீரில் ஒட்சிசன் லீற்றருக்கு ஆறரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும், நன்னீரைவிடக் குறைவு. அந்தச் சிலுசிலுப்பு மீனின் மூச்சு.

2024 கடைசியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 24 வோல்ட் டீசி பம்புக்கு மாறினேன். சீனத் தயாரிப்பு. பெட்டியில் 5000 லீற்றர், 40 வாற்று, 4 மீற்றர். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் அதன் சத்தம் கேட்காது. எழுபது வீத வேகத்தில் வாளி 30 செக்கனில் நிரம்புகிறது, மணிக்கு 1200 லீற்றர், எனக்குப் போதும். மின்மானி 18 வாற்று காட்டுகிறது. பழைய பம்போடு பார்த்தால் மாதத்துக்கு 19 யூனிட் மிச்சம், தொட்டியின் சூடும் குறைந்தது.

ஆனால் விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரைத் தூக்கும் உயரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அறுபது வீதத்தில் இந்தப் பம்பால் 1.44 மீற்றர்தான் தூக்க முடியும். எனக்கு வேண்டியது 1.35. வைத்துப் பார்த்தேன், நூல் போல ஒழுகியது. "கரண்ட் போனால் வேகத்தைக் குறைத்துப் பற்றரியில் நீண்ட நேரம் ஓட்டலாம்" என்ற பேச்சு, தொட்டிக்குக் கீழே சம்ப் வைத்த வீட்டில் எடுபடாது.

பற்றரிக் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, பாதியை மட்டும் செலவழித்தால் 84 வாற்று-மணி. 18 வாற்று ரிட்டர்ன் பம்ப் நாலரை மணி நேரம் ஓடும். அதே பற்றரியில் 5 வாற்று வேவ் மேக்கர் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் இல்லாத நேரத்தில் ரிட்டர்ன் பம்ப் நிற்கட்டும், வேவ் மேக்கர் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருக்கட்டும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடு முழுவதும் இருண்டபோது இப்படித்தான் சமாளித்தேன். ஒரு மீனும் மேலே வந்து வாய் பிளக்கவில்லை.

டீசி பம்பின் குறை அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. கரண்ட் ஒரு கணம் மினுங்கிப் போய் வந்தால் அது விழித்துக்கொள்வதில்லை, யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் இது ஆபத்து. ஃபிரிஜ்ஜுக்குப் போடும் மின்பாதுகாப்புக் கார்ட் ஒன்றை இடையில் பொருத்தினேன். அது மூன்று நிமிடம் பொறுத்து மின்சாரத்தை விடுவதால் பெட்டி முழுதாக அணைந்து ஒழுங்காகத் தொடங்குகிறது. அதன் பிறகு ஒருமுறையும் நின்றதில்லை. இருந்தும் சிங்க்ராவைக் கழுவி அலமாரியில் தயாராக வைத்திருக்கிறேன்.

முதல் தொட்டி வைக்கிறவருக்கு என் தீர்ப்பு: பீங்கான் அச்சுள்ள சாதாரண ஏசி பம்ப், ஒரு அங்குலக் குழாய், வேவ் மேக்கருக்கு ஒரு பற்றரி. மின்கட்டணமும் சூடும் உறுத்தத் தொடங்கினால் அடுத்த வருடம் டீசிக்குப் போகலாம், கார்டோடு. தண்ணீர் எடுக்கப் போகும்போது கற்பவளத்தை உயிரோடோ செத்தோ கடலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரவேண்டாம், அது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா.

மீன் வாங்கப் போகும் முன், தொட்டியில் வெறும் குழாய்த்தண்ணீரை நிரப்பிப் பம்பை ஓடவிட்டுப் பத்துத் தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பத்துத் தடவையும் தரை காய்ந்திருந்து, பத்துத் தடவையும் பம்ப் தானாக எழும்பினால், அடுத்த நாள் கான்களை வேனில் ஏற்றுங்கள்.