போட்டாஸின் புறப்பாடு

ஆஸ்திரியாவின் ஸ்பீல்பெர்க் களத்தில் 2017ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி ஃபார்முலா ஒன் ஓட்டுநர் வால்டேரி போட்டாஸ் புறப்பட்ட விதத்தைக் குறித்து, கம்பத்தில் கார்ப் பந்தயம் பார்க்கும் எங்கள் சிறு கோஷ்டிக்குள் எழுந்த அபிப்பிராய பேதம் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. விளக்கு அணைந்ததற்கும் அவர் புறப்பட்டதற்கும் நடுவே 0.201 விநாடி என்று அதிகாரிகளே அளந்து அறிவித்து, குற்றமில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்ட பிறகு, "என்ன சொன்னாலும் அவன் முந்திட்டாம்ணே" என்று சாதிக்கிறவர்கள் எங்களில் உண்டு. பக்கத்தில் இரண்டாவதாக நின்ற போட்டி ஓட்டுநர் ஃபெட்டலே அப்படித்தான் நினைத்தார் என்பது அவர்களுக்குப் பெரிய பிரமாணம். தன்னைவிடச் சீக்கிரம் கிளம்பியவன் எவனும் பின்தங்கியவன் கண்ணுக்குத் திருடனாகத்தான் தெரிவான் என்பது என் கட்சி.

போட்டாஸின் ரசிகன் என்று சொல்லிக்கொண்டால் சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ஹாமில்டனுக்குத் துணையாக ஐந்து பருவங்கள் ஓட்டியும் சாம்பியன் பட்டம் ஒன்றுகூடப் பெறாதவர், நெருக்கத்தில் முந்துவதற்குத் தயங்குகிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் முந்துவதையே பந்தயத்தின் சாரமென்று கொண்டாடுகிறவர்களின் ருசியோடு என் ருசி ஒத்துப்போவதில்லை. முந்துகிறவனுக்கு ஒன்றரை மணி நேரம் அவகாசம் இருக்கிறது. இந்த வளைவில் தவறினால் அடுத்த வளைவு காத்திருக்கிறது. புறப்படுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அதே வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி சோச்சியில், மூன்றாம் இடத்தில் நின்ற போட்டாஸ், முன்வரிசையை அடைத்துக்கொண்டு நின்ற இரண்டு ஃபெராரிகளையும் இரண்டாவது வளைவு வருவதற்குள் கடந்து, அந்த ஒரு லாபத்தை முதலாக வைத்தே தம் வாழ்நாளின் முதல் வெற்றியைச் சம்பாதித்தார். ஸ்பீல்பெர்க்கில் எழுபத்தோரு சுற்று ஓடி முடிந்தபோது ஃபெட்டலுக்கும் அவருக்கும் இடையே மிஞ்சியது 0.658 விநாடி. அதில் புறப்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதை ரசிகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்தப் புறப்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நான் பார்ப்பது வண்டி பாய்வதை அன்று. அது பாயாமல் நிற்பதை. சிவப்பு விளக்குகள் விநாடிக்கு ஒன்றாக ஐந்தும் ஏறி நிற்கின்றன, என்ஜின்கள் அலறுகின்றன, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கிளட்ச்சை இழுத்துப் பிடித்திருக்கும் விரல்களில் முழு வண்டியின் பலமும் தொங்குகிறது. 2015ஆம் வருஷத்துப் பெல்ஜியப் பந்தயம் முதல், கிளட்ச் எந்த இடத்தில் பற்றும் என்று ரேடியோவில் சொல்லிக்கொடுக்க என்ஜினியருக்கு அனுமதி இல்லாதிருந்த காலம் அது; ஆகவே அந்த விரல்களுக்கு யாரும் துணையில்லை. ஐந்தாவது விளக்குக்கும் இருட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கழியும் என்பதை முன்கூட்டி அறியவும் வழியில்லை. அந்த அளவற்ற இடைவெளியில் சக்கரம் அசையாமல் நிற்கிற நிலை இருக்கிறதே, அதுதான் வித்தை. கை வேகம் அப்புறம்.

ஓட்டப் பந்தயத்தில் சட்டம் வேறு. துப்பாக்கி வெடித்து 0.1 விநாடிக்குள் கிளம்பியவன், வெடித்த பிறகுதான் கிளம்பினான் என்றாலும், ஊகித்துக் கிளம்பியவன் என்றே முடிவு செய்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்முலா ஒன்றில் அப்படி ஒரு கீழ் எல்லை இல்லை. விளக்கு அணையும் முன் வண்டி நகர்ந்ததா என்பது ஒன்றே கேள்வி. அணைந்த மறுகணமே ஒருவன் குருட்டு அதிர்ஷ்டத்தில் கிளம்பினாலும் அவன் நிரபராதி. போட்டாஸை ஊகக்காரர் என்று ஏசுகிற நண்பர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 0.201 என்பது கூர்மையான மனிதக் கண்ணுக்கும் கைக்கும் எட்டக்கூடிய கணக்கு. சங்கீதக்காரர் பாஷையில் சொன்னால் அது அநாகத எடுப்பு: தாளம் விழுந்த பிறகு, விழுந்ததை அறிந்து, எடுத்தது. தாளம் விழுமுன்னே அதீதத்தில் எடுத்துவிட்டுச் சமத்தில் எடுத்ததாகப் பெயர் வாங்குகிற கை அவருடையதன்று.

புறப்பாட்டைப் பற்றிப் பேச எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். கூடலூரிலும் சின்னமனூரிலும் விடிந்தும் விடியாத வேளையில் மாட்டு வண்டிப் பந்தயத்துக்காகச் சாலையோரம் நின்றவர்கள் நாங்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று வரிசையாக அவிழ்த்துவிடுவதைப் பார்த்துப் பார்த்தே எங்கள் கண் பழகியது. பந்தயம் கண்ட காளை, சாரதிக்கு முன்பே கொடியை அறிந்துவிடும். காது விறைக்கும், தொடைச் சதை துடிக்கும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னால் நிற்கிற பையனைத் தள்ளிக்கொண்டு ஒரு குளம்பு கோட்டைத் தாண்டும். அதைத் தாண்டவிடாமல், அதே சமயம் அதன் சூடு ஆறிவிடாமலும் நிறுத்திவைப்பதில்தான் சாரதியின் சாமர்த்தியம் தெரியும்.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு முதிய சாரதி இருந்தார். அவர் கொடியைப் பார்க்கவே மாட்டார். கொடி பிடித்தவனுடைய தோள்பட்டையைப் பார்ப்பார். துணி அசைவதற்கு முன் கை அசையும், கை அசைவதற்கு முன் தோள் அசையும் என்பது அவர் சாஸ்திரம். இது ஊகமா, அறிவா என்று எங்களுக்குள் விவாதம் உண்டு. அறிவு என்றே நான் சொல்வேன். ஆயினும் மின்விளக்குக்குத் தோள்பட்டை கிடையாது என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். 1997 முதல் அந்த விளக்குகளின் பொத்தானை அழுத்தி வந்த சார்லி வைட்டிங்கின் விரலை எந்த ஓட்டுநர் பார்த்தார்? அந்த வகையில் போட்டாஸின் வித்தை எங்கள் பெரியவருடையதைவிடச் சுத்தமானது. ரசமானது எது என்று கேட்டால் என் பதில் வேறாக இருக்கும்.

கொடி பிடிக்கிறவனின் பொறுப்பு லேசானதன்று. 1978 செப்டம்பரில் மோன்ஸாவில், பின்வரிசை வண்டிகள் இன்னும் வந்து நிற்காத நிலையிலேயே பச்சை விளக்கைப் போட்டுவிட்டார்கள். பின்னாலிருந்தவை ஓடிய வேகத்திலேயே வந்து நெருக்க, நேர்ந்த விபத்தில் காயமுற்ற ரானி பீட்டர்சன் மறுநாள் இறந்தார். மறுபடி புறப்பட்டபோது ஆண்ட்ரெட்டியும் வில்னெவும் முந்திவிட்டார்கள் என்று தலா ஒரு நிமிஷம் தண்டனை. அவர்களை முந்தச் சொன்னது எது என்று அந்தத் தண்டனைப் பத்திரத்தில் எழுதியிருக்க நியாயமில்லை.

இப்போது எல்லாம் சென்சார் ராஜ்யம். 2019 அக்டோபரில் சுஸுகாவில், முதலிடத்தில் நின்ற ஃபெட்டல் விளக்கு அணையும் முன் நகர்ந்து, பதறி நின்று, பிறகு கிளம்பியதை உலகமே கண்ணால் பார்த்தது. கருவிக்கு வகுத்த சகிப்பு எல்லைக்குள் அடங்கிய அசைவு என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவதாக நின்று, அசையாமல் காத்து, அந்த ஒரு தடுமாற்றத்தில் முன்னேறி வென்றவர் யார் என்பதை எங்கள் கோஷ்டியில் நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவது வழக்கம். 2024 மார்ச்சில் ஜெட்டாவில் நாரிஸ் நகர்ந்ததற்கும் இதே கதைதான். கருவி சொல்லவில்லை, ஆகவே நடக்கவில்லை. எதிர்க்கட்சியார் பதிலுக்கு 2020 ஜூலை ஹங்கேரியைக் கொண்டுவருவார்கள். அங்கே போட்டாஸ் தம் ஸ்டீயரிங்கில் மாறிய ஏதோ ஒரு விளக்கைப் பந்தய விளக்கென்று எண்ணி அசைந்து, நிறுத்தி, இரண்டாமிடத்திலிருந்து ஆறாமிடத்துக்குச் சரிந்தார். வாஸ்தவம். இத்தனை விளக்குகளை ஒரு மனிதன் மூக்குக்கு நேரே மாட்டிவைத்தால் வேறென்ன நடக்கும்?

எங்கள் ஊர்ப் பந்தயமும் அந்தப் பழைய லட்சணத்தில் இல்லை. 2014 மே மாதத்தில் மாட்டு வண்டிப் பந்தயங்களுக்கு விழுந்த தடையும், 2017 ஜனவரியில் சட்டம் வந்து அது நீங்கியதும் எல்லாருக்கும் தெரிந்ததே. இடைப்பட்ட காலத்தில் வண்டிகள் மூலையில் சாய்ந்து கிடந்ததைவிட, அந்த வயதில் சாரத்தியம் படித்திருக்க வேண்டிய பையன்கள் படிக்காமற்போனதே எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. அதைவிடப் பெரிய உபத்திரவம் கொடியசைக்க வருகிற பிரமுகர்கள். காளைகளைப் பூட்டி நிறுத்திவிட்டுப் பிரசங்கம். பிறகு புகைப்படக்காரருக்காகக் கொடியை உயர்த்தி ஒரு தரம், அவர் சரியாக எடுக்கவில்லை என்று இன்னொரு தரம். எந்த வீச்சு உத்தரவு, எந்த வீச்சு அலங்காரம் என்று காளைக்கு எப்படித் தெரியும்? முதல் வீச்சில் பாய்ந்தவனைத் திருப்பி நிறுத்துகிறார்கள். இரண்டாவதில் அவன் மாடு சோர்ந்து நிற்கிறது. பந்தயம் ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் கையில் கொடியைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று ஒரு கமிட்டியாரிடம் யோசனை சொன்னேன். மனப்பூர்வமாகச் சம்மதித்தார்கள். நோட்டீஸ் அச்சாகி வந்தபோது பெரியவர் பெயர் இருந்தது; அவருக்கு மேலே, கொடியசைப்பவர்கள் என்று இன்னும் மூன்று பேர் படமும் இருந்தது.