மரப்பா பிரசங்கம்

சோளிங்கர் பஸ்ஸோ வேலூர் பஸ்ஸோ, கிளம்புவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் இஞ்சி மரப்பா விற்கிறவர் ஏறுவார். பித்தம், வாயு, ஏப்பம், தலைசுற்றல், வாந்தி, நெஞ்செரிச்சல் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார். மேடை போட்டுக் கொடுத்தால் பல பேச்சாளர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். அதில் சரக்கு எவ்வளவு?

வாந்தி விஷயத்தில் கொஞ்சம் இருக்கிறது. 1988-ல் டென்மார்க்கில் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரை வைத்து, கொந்தளிக்கிற கடலில் சோதித்தார்கள். ஒரு கிராம் இஞ்சிப்பொடி சாப்பிட்டவர்கள் குறைவாக வாந்தி எடுத்தார்கள். 1991-ல் அமெரிக்காவில் ஆட்களைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தபோது இஞ்சி ஒன்றும் கிழிக்கவில்லை. மசக்கைக் குமட்டலுக்குத்தான் இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. (கர்ப்பிணிகள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஜீரணம்? இங்கேதான் வேடிக்கை. தைவானில் 2008-ல் நல்ல ஆரோக்கியமான 24 பேருக்கு இஞ்சி கொடுத்து, பிறகு சூப் கொடுத்தார்கள். பாதி வயிறு காலியாக 27 நிமிஷம் ஆவது, 13 நிமிஷமாகக் குறைந்தது. சபாஷ்! 2011-ல் அஜீரணக்காரர்கள் 11 பேரிடம் அதையே செய்தார்கள். வயிறு சீக்கிரம் காலியானது. ஆனால் உபத்திரவம் குறையவில்லை. வயிறு காலியாவது வேறு, வயிறு சரியாவது வேறு போலிருக்கிறது.

அதுவும் அவர்கள் கொடுத்தது அளந்த பொடி. மரப்பாவில் எவ்வளவு இஞ்சி? நான் பி.காம். ஆசாமி, கணக்கு கேட்காமல் விடமாட்டேன். எடையில் எது அதிகமோ அதை லேபிளில் முதலில் போடவேண்டும் என்பது விதி. லேபிள் இருந்தால் பாருங்கள். பெரும்பாலும் சர்க்கரையோ வெல்லமோதான் முதல் வரியில் இருக்கும். ஷுகர்காரர்களிடம் அவர் இதைச் சொல்வதில்லை.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். அந்த 'வாயு' என்ற வார்த்தைதான் எனக்கு உதைக்கிறது. யோக நரசிம்மர் மலைக்கு 1305 படிகள். 2024-ல் ரோப்கார் வந்தும், நடந்தே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், 'வாயுதான், இஞ்சியை மெல்லுங்க' என்று சொல்ல நாலு பேர் தயார். மாரடைப்பு சில சமயம் மேல்வயிற்று எரிச்சலாகவேதான் வரும், ஷுகர்காரர்களுக்கு இன்னும் பூடகமாக. அடைபட்ட ரத்தக்குழாயை எந்த இஞ்சியும் திறக்காது. நெஞ்சு அழுத்துகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, வலி கைக்கோ தாடைக்கோ போகிறது என்றால் மேலே ஏறவும் விடாதீர்கள், இறங்கவும் விடாதீர்கள். அந்தப் படியிலேயே உட்காரவைத்துவிட்டு 108-க்குப் போன் பண்ணுங்கள்.