எல்லாருக்கும் ஐந்து-ஒன்பதா?

அக்டோபர் மாதத்தின் கடைசி முழு சனி, ஞாயிறுகளில், ஹாம்கள் பயன்படுத்தும் சிற்றலை ஏற்பி ஒன்றை 20 மீட்டர் பட்டையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். "ஐந்து-ஒன்பது, இருபத்திரண்டு" என்பது போன்ற குரல்கள் 48 மணி நேரம் ஓயாமல் ஒலிக்கும். அதுதான் ஹாம்களின் 'சி.க்யூ. உலகளாவிய டி.எக்ஸ்.' போட்டி. உலகை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடும் இலங்கையும் 22ஆம் மண்டலத்தில் அடங்கும். தொடர்பு கொள்ளும் இருவரும் சமிக்ஞை அறிக்கையையும் மண்டல எண்ணையும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

இப்போட்டியின் ஒழுங்குமுறைகள் பலவும் போற்றத்தக்கவை. அலைவரிசை காலியா என்று கேட்ட பிறகே அழைப்பது நன்மரபு. பிறர் அழைப்புக்குறியைத் தவறாகக் குறித்தால் அந்தத் தொடர்பின் புள்ளிகள் போவதோடு அபராதமும் உண்டு. போட்டி முடிந்தபின் ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பேட்டைத் திருத்துவதும் கூடாது. இவ்வளவு கண்டிப்பானவர்கள் ஓரிடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

ஐந்து-ஒன்பதின் பொருள் என்ன? 'ஐந்து' என்பது பேச்சு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு. 'ஒன்பது' என்பது சமிக்ஞையின் வலிமைக்கு. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, ஏற்பியின் 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட் இருந்தால் அது ஒன்பது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் 6 டெசிபல் குறையும். அதாவது மின்னழுத்தம் பாதியாகும். எட்டுப் படி இறங்கி ஒன்றுக்கு வந்தால் சுமார் 0.2 மைக்ரோவோல்ட்தான். திறனில் கணக்கிட்டால் வேறுபாடு ஏறத்தாழ 65,000 மடங்கு!

ஆனால் போட்டியில் யாருக்கும் எட்டோ ஏழோ கிடைப்பது அரிது. "உங்களுக்கு ஐந்து-ஒன்பது. உங்கள் அழைப்புக்குறி கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்னும் வேடிக்கையும் நடக்கும். குறிப்பேட்டுக்கான கணிப்பொறி நிரல்களும் 59 என்று தாமே நிரப்பிவிடுகின்றன.

"போட்டியில் வேகம்தான் முக்கியம், அறிக்கைக்குப் புள்ளி இல்லையே" என்பார்கள். நியாயமான வாதம்தான். அப்படியானால் அதை விதியிலிருந்தே நீக்கிவிடலாமே? அமெரிக்காவின் 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' போட்டியில் சமிக்ஞை அறிக்கை கிடையாது. தொடர் எண், உரிமம் பெற்ற ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் போன்றவற்றைக் கேட்டு எழுத வேண்டும். காது கொடுத்துக் கேட்காமல் அவற்றை எழுத முடியாது. அதுவல்லவா போட்டி!

இழப்பு சிறியதன்று. 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தின்போது அயனி மண்டலம் எவ்வாறு மாறியது என்பதை ஆராய ஹாம் ஒலிபரப்புகள் உதவின. ஆய்வாளர்கள் அதற்கு நாடியது, மோர்ஸ் சமிக்ஞைகளைத் தானே கேட்டு அளவிடும் 'ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்' என்னும் கணிப்பொறி வலையைத்தான். எல்லாவற்றிலும் 59 என்றே இருக்கும் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமிக்ஞையின் ஏற்ற இறக்கத்தை எப்படி அறிவது?

மாணவ நண்பர்களே, ஊசலை ஆட்டாமலே செய்முறை ஏட்டில் 980 என்று எழுதிவிடுபவரை உங்கள் வகுப்பிலும் பார்த்திருப்பீர்கள். அவர் எழுதிய விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் அது அளவீடு அன்று. அளந்தால் எழுதுவோம், அளக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுவோம். ஹாம்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது இதுவே.