தீய பாத்திரமும் தன்மை ஒருமையும்

பாத்திரமேற்பு ஆட்டம் பேச்சால் ஆனது. மேசையைச் சுற்றி நால்வர் அல்லது ஐவர் அமர்கின்றனர். அவருள் ஒருவர் ஆட்ட நடத்துநர். கதை நிகழும் உலகையும் அதன் துணைமாந்தரையும் அவரே பேசிக் காட்டுகிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதைத் தம் வாயால் சொல்கின்றனர். முடிவு ஐயத்துக்குரியதாயின் பகடை தீர்க்கிறது. அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் மூல நூல். அதில் ஒருவர் வீரனாகலாம், மந்திரவாதியாகலாம், தீயவனாகவும் ஆகலாம். இம்மூன்றாவது தேர்வைப் பற்றி விதிநூல்கள் சொல்வதும் மேசையில் நிகழ்வதும் ஒன்றல்ல. விதிநூல்கள் தீமையை ஒரு பெயரடையாகக் கருதுகின்றன. மேசையிலோ அது தன்மை வினைமுற்றாக வெளிப்படுகிறது.

பெயரடையின் வரலாறு சுருக்கமானது. 1974-இல் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என மூன்று சார்புகளே இருந்தன. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் புனைகதைகளிலிருந்து வந்த பாகுபாடு அது. 1978-இல் வந்த உயர்நிலை விதிநூலில் நன்மை, தீமை என்னும் அச்சும் உடன்சேர, சார்புகள் ஒன்பதாயின. ஆட்டக்காரர் அவற்றுள் ஒன்றைத் தம் பாத்திரத்தாளில் எழுதிக்கொள்வார். பரிசுத்த வீரனுக்கு ஒழுங்கும் நன்மையும் கட்டாயம். கொலைத்தொழிலனுக்குத் தீமை கட்டாயம்.

மொழியியலார்க்குச் சுவையான செய்தி ஒன்று இங்கு உண்டு. தொடக்ககால விதிகளின்படி ஒவ்வொரு சார்புக்கும் தனிமொழி உண்டு. டாம் மோல்ட்வே செப்பம் செய்து 1981-இல் வெளிவந்த தொடக்கநிலை நூல் அம்மொழியை மறைசொற்களும் கைக்குறிகளும் உடலசைவுகளும் அடங்கியதாக விளக்குகிறது. பாத்திரத்தின் சார்பு மாறினால் மொழியும் மாறிவிடும். நன்னூலார் காட்டும் வழக்குகளுள் இதற்கு உரிய இடம் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போன்றது இது. மொழி என்னும் பெயர் இதற்குப் பெரிது. ஆனால் பொற்கொல்லர் தொழிலை விட்டாலும் 'பறி' என்னும் சொல்லை மறப்பதில்லை. மனம் மாறிய அக்கணமே மொழி அற்றுப்போகும் சமூகம் எதுவும் மொழியியலார் அறிந்த உலகில் இல்லை.

விதியின் பிழை அதனினும் ஆழமானது. தீயவர் தமக்குள் பேச ஒரு மொழி, நல்லவர்க்கு வேறொன்று என்றால் வஞ்சனைக்கு இடமேது? பொய் சொல்லப் பயன்படாத ஒன்றைக் குறி என்று கொள்ள இயலாது என்பது உம்பெர்த்தோ எக்கோவின் கருத்து. தீயவனின் ஆற்றல் அவன் நல்லவரின் சொற்களையே பேசுவதில் இருக்கிறது. கயமை அதிகாரத்தின் முதற்குறளும் வெளித்தோற்றத்தில் உள்ள இவ்வொப்புமையிலிருந்தே தொடங்குகிறது. பிற்காலப் பதிப்புகள் சார்புமொழியைக் கைவிட்டன. அந்த இழப்பு வருந்தத்தக்கதன்று.

இனி வினைமுற்றுக்கு வரலாம். 'காவலனைக் குத்துகிறேன்' என்று ஆட்டக்காரர் சொல்கிறார். இக்கூற்று எத்தகையது? குத்து நிகழவில்லையாதலின் செய்தி அன்று. உடலசைவு இல்லையாதலின் மேடை நடிப்பும் அன்று. நடத்துநர் ஏற்று, பகடையும் இசைந்தால், சொன்ன அளவிலேயே கதையுலகில் காவலன் குத்துண்கிறான். சொல்லே செயலாகும் கூற்றுகளை ஆராய்ந்த ஆஸ்டின், மேடைப் பேச்சை இயல்பான பேச்சின்மேல் ஒட்டி வாழ்வதாகக் கருதி ஆய்வுக்குப் புறத்தே வைத்தார். அவர் விலக்கிய இடத்தில்தான் இவ்வாட்டம் முழுவதும் நடைபெறுகிறது. இதை நேரில் கண்டு ஆராய்ந்த சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், கோஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைப் பின்பற்றி, மனிதர், ஆட்டக்காரர், பாத்திரம் என மூன்று தளங்களை 1983-இல் பிரித்துக் காட்டினார். மூன்று தளத்துக்கும் ஆங்கிலத்தில் இருப்பது ஒரே தன்மைப் பெயர். தமிழிலும் அவ்வாறே, பெயரை விட்டாலும் '-ஏன்' விகுதி விடாது.

1980களில் அமெரிக்காவில் இவ்வாட்டத்தின்மீது எழுந்த கண்டனங்கள் இம்மூன்று தளங்களையும் ஒன்றாக்கின. 'கொல்கிறேன்' என்று சொல்லிப் பழகும் இளைஞன் கொலைக்கே பழகுகிறான் என்பது அவற்றின் சாரம். பதிப்பகத்தார் இடக்கரடக்கலை நாடினர். 1989-இன் இரண்டாம் பதிப்பில் கொலைத்தொழிலன் என்னும் வகுப்பு இல்லை. 'டீமன்', 'டெவில்' என்னும் சொற்களும் இல்லை. பின்னர் அப்பேய்கள் 'தனாரி', 'பாட்டேசு' என்னும் புதுப்பெயர்களோடு திரும்பின. பழைய பெயர்கள் 2000-இல் மூன்றாம் பதிப்பில் மீண்டன. சொல்லை மாற்றினால் பொருள் அடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆயுள் பதினோராண்டு.

கண்டித்தவர் ஒருபுறம் பிழைத்தனரெனில், தீய பாத்திரத்தை ஏற்பவர் மறுபுறம் பிழைப்பதுண்டு. தோழர்களின் பாத்திரங்களைக் காட்டிக்கொடுத்து ஆட்டத்தையே குலைத்தவர் வழக்கமாகச் சொல்லும் சாக்கு: 'என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்.' இத்தொடரைத் தமிழில் அமைத்ததும் அதன் இயல்பு வெளிப்பட்டுவிடுகிறது. குத்தும்போது 'குத்துகிறேன்' என்று உயர்திணைத் தன்மையில் நின்றவர், பழி வரும்போது 'பாத்திரம் செய்யும்' என்று அஃறிணையில் ஒதுங்குகிறார். ஆங்கிலத் தொடரில் இத்திணைமாற்றம் புலப்படாது. பாத்திரம் தானே எதையும் செய்யாது. அது செய்யத்தக்க பலவற்றுள் ஒன்றை ஆட்டக்காரர் தேர்கிறார். கொடியவனும் தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடாதிருக்க ஆயிரம் காரணம் உண்டு: அச்சம், ஆதாயம், பழகிய பாசம்.

ஆகவே தீமையை ஆடுவதில் எது தகும், எது தகாது என்பதை அறிய 'நான்' என்பதைவிட 'நாம்' என்பதே பயன்படும். தமிழின் உளப்பாட்டுத் தன்மையும் தனித்தன்மையும் இங்குத் துணைசெய்கின்றன. தீய திருடனை ஒருவர் ஏற்றிருக்கிறார் என்க. 'புதையலை நாம் சமமாகப் பங்கிடுவோம்' என்று திருடன் மற்றப் பாத்திரங்களிடம் சொல்கிறான். அந்த 'நாம்' பொய். உடனே ஆட்டக்காரர், எல்லாரும் கேட்க, 'பாதியை மறைத்துவிடுகிறேன்' என்கிறார். பாத்திரங்கள் ஏமாற, மேசை சிரிக்கிறது; ஆட்டக்காரரின் 'நாம்' உடையவில்லை. மாறாக, அவர் அதே செய்தியைத் துண்டுச்சீட்டில் எழுதி நடத்துநரிடம் நீட்டினால், அவ்விருவரும் 'நாங்கள்' ஆகிவிடுகின்றனர். ஏனையோர் புறத்தே நிற்கின்றனர். மறைவே குற்றம் என்பதன்று. 1984-இல் வந்த 'பேரனோயா' என்னும் ஆட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் காட்டிக்கொடுப்பது முன்னரே அறிந்து உடன்பட்ட ஒன்று. உடன்பாடு இல்லாத இடத்தில் வஞ்சிக்கப்படுபவை பாத்திரங்கள் அல்ல, மனிதர்கள்.

2010களில் பரவிய ஒரு வழக்கமும் நோக்கத்தக்கது. மேசை நடுவே பெருக்கற்குறி இட்ட அட்டை ஒன்று கிடக்கும். வன்கொடுமைக் காட்சி எவருக்கேனும் பொறுக்கவொண்ணாததாயின் அவர் அதைத் தொடுவார். காரணம் சொல்ல வேண்டுவதில்லை. காட்சி விலக்கப்படும். 'நிறுத்து' என்னும் சொல் இதற்குப் போதாதா என்று கேட்கலாம். போதாது. சித்திரவதைக் காட்சியில் 'நிறுத்து' என்பது கைதியின் கூற்றாகவும் கேட்கும். எச்சொல்லும் பாத்திரத்துக்கு உரியதாகிவிடக்கூடிய இடத்தில், ஆட்டக்காரர் மனிதராகப் பேச மொழிக்குப் புறம்பான குறி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

இத்தகு நூல்களைத் தமிழாக்க முனைவோர்க்கு முதல் இடர் அந்தப் பெயரடையே. 'தீய' என்று எச்சமாக நிறுத்தினால் ஆங்கிலச் சொல் தாளில் ஒட்டிக்கிடப்பதுபோல் இதுவும் கிடக்கும். 'தீயவன்' என்றால் பாலும் உடன்வரும். தன்மையில் அமைக்கத் தமிழில் ஆயத்தமாக உள்ள வடிவங்கள் 'கொடியேன்', 'தீயேன்' என்பன. ஆனால் பக்தி இலக்கியத்தில் அவை இறைவன்முன் தன்னைத் தாழ்த்திக்கொள்பவனின் சொற்கள். காவலனைக் குத்திய கத்தியைத் துடைத்துக்கொண்டே 'கொடியேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் மனம் வருந்திவிட்டார் என்றே கேட்போர் கொள்வர். 'தீமைச் சார்பு' என்று பெயர்த்தொகையாக்கிப் பாத்திரத்தாளோடு நிறுத்திக்கொண்டு, மேசையில் சொல்லப்படுவதை வினைமுற்றுகளுக்கே விட்டுவிடுவது ஏற்புடையது.