பானையோட்டில் ஒரு பெயர்

சங்ககாலத் தமிழர் அனைவரும் எழுத்தறிந்தோர் என்று நாமே பிரசங்கபீடத்திலிருந்து கூறியதுண்டு. அதற்குச் சான்றாக ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏர்லி தமிழ் எபிகிராஃபி’ என்னும் பெருநூலையும் காட்டியதுண்டு. மூலக்குளத்தில் ஒருமுறை இவ்வாறு பேசியபின், சபையின் முதியவர் ஒருவர் எம்மை நிறுத்தி, “ஐயா, அப்படியானால் எங்கள் பாட்டன்மார் ஏன் கைநாட்டு வைத்தார்கள்?” என்று வினவினார். அக்கேள்வியோடு நூலை மறுபடியும் வாசித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலாவது, நூலாசிரியருக்கு நியாயம் செய்வோம். அனைவரும் எழுத்தறிந்தோர் என அவர் எங்கும் கூறவில்லை. தமிழகத்தில் எழுத்தறிவு பரவலாக இருந்தது என்பதே அவர் கூற்று. கன்னட, ஆந்திர நாடுகளில் ஆட்சிமொழியாகப் பிராகிருதம் வந்தமர்ந்தது. தமிழகமோ மௌரிய ஆட்சிக்கு உட்படாமல் தன் மொழியிலேயே ஆளப்பட்டது. ஆதலால் எழுத்து இங்கே மக்கள் மொழியைப் பற்றிக்கொண்டது என்கிறார். இவ்வாதம் வலுவானதே. அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகளில் அரசர் அல்லர், உப்பு வணிகரும் கொழு வணிகரும் அறுவை வணிகருமே முன்நிற்கின்றனர். துறைமுகமல்லாத உள்நாட்டுக் கொடுமணலில் எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐந்நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன.

ஆயினும் ஓட்டிலிருந்து ஊருக்குத் தாவுமிடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். மூலக்குளத்திற்குத் தென்கிழக்கே, அரியாங்குப்பத்தாற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம். 1945இல் வீலர் அங்கு அகழ்ந்தபோது இருவகை எழுத்துகள் வெளிப்பட்டன. இத்தாலிய நாட்டுச் செம்மட்கலங்களில் விபி, கமூரி, இட்டா முதலிய முத்திரைகள் இருந்தன. அவை பட்டறையிலேயே, களிமண் ஈரமாயிருக்கையில் குத்தப்பட்டவை, விற்பனைக்கான அடையாளங்கள். உள்ளூர்க் கலங்களிலோ தமிழ், பிராகிருதப் பெயர்கள் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருந்தன. தமிழகத்து ஓடுகளிற் பெரும்பாலானவை சூளையில் சுட்டபின் கீறப்பட்டவை. ஆகவே எழுதியவன் குயவனல்லன், கலத்தை உடையவன் என்பர். குயவனல்லன் என்பது சரி. உடையவனே எழுதினான் என்பதற்கு என்ன ஆதாரம்? ஊரில் எழுதத் தெரிந்த ஒருவனிடம் பானையை நீட்டி, “என் பேரைக் கீறிக்கொடு” என்று கேட்டிருக்கலாகாதா? திருமணச் சீர்ப் பாத்திரங்களில் இன்றும் கடைக்காரரே பெயர் பொறித்துக் கொடுக்கிறார்.

வேறொன்றும் உண்டு. எழுத்து வந்த பின்னரும் பழைய குறியீடுகள் மறையவில்லை. பெயரும் குறியும் ஒரே ஓட்டில் அடுத்தடுத்துக் கிடப்பதையும் காண்கிறோம். பெயரை எவரும் வாசிக்கக்கூடுமானால் குறிக்கு வேலையென்ன? ஒருவேளை பெயர் வாசிப்பவர்க்கும், குறி மற்றவர்க்கும் ஆகலாம். இவ்வினாவை நூல் இன்னும் அழுத்தமாக எழுப்பியிருக்கலாம்.

வேதாகம மாணவர்க்கு லாகீசின் ஓடுகள் நினைவுக்கு வரும். 1935இல் ஸ்டார்க்கி கண்டெடுத்தவற்றுள் மூன்றாம் கடிதத்தில், ஓசாயா என்னும் படைத்துணைவன், கடிதம் வாசிக்கத் தெரியாதவனென்று தன்னைத் தன் மேலதிகாரி எண்ணியதற்காக மனம் புண்பட்டு மறுக்கிறான். தனக்கு வாசித்துக்காட்ட எவரையும் அழைத்ததில்லையென்று ஆணையிடுகிறான். எருசலேமின் வீழ்ச்சிக்குச் சற்று முற்பட்ட அந்நாளில் வாசிப்பு பரவலாகவே இருந்திருக்கவேண்டும். இல்லையேல் அவன் வெட்கப்படக் காரணமில்லை. அதே வேளையில் எல்லார்க்கும் கைவந்ததுமன்று. கைவந்திருப்பின் அந்த ஐயமே எழுந்திராது. எழுத்து ஒரு நகரில் நுழையும்போது அறிவை மட்டுமா கொண்டுவருகிறது? அறியாதவன் என்னும் புதுப்பெயரையும் சிலர்மேல் சுமத்திவிடுகிறது. ஊருக்கு நகரத்துக் களிமண் ஏடுகளிற் பெரும்பகுதி தானியம், ஆடு, கூலியாள் ஆகியவற்றின் கணக்கே. அங்கே எண்ணப்பட்டவன் ஏட்டை வாசித்தவனல்லன். தமிழ் ஓடுகளில் அத்தகைய கணக்கு இல்லாதது நமக்கு ஆறுதல்போல் தோன்றலாம். ஆனால் கணக்கு ஓலையில் இருந்திருந்தால் அது மண்ணில் நிலைத்திராது. முசிறியோடு நடந்த வாணிகத்தின் கடன் ஒப்பந்தம் ஒன்று எகிப்திய நாணல்தாளில், கிரேக்க மொழியில் நமக்கு எஞ்சியுள்ளது. தமிழ் வணிகன் கையிலிருந்த படி எஞ்சவில்லை.

ஆகவே முதியவருக்கு நாம் அளிக்கக்கூடிய விடை இதுவே. அரிக்கமேட்டில் பெயர் எழுதத் தெரிந்த எளியோர் இருந்திருக்கக்கூடும். அதை மறுக்கவும் சான்றில்லை. அவ்வழி பின்னாளில் பலருக்கு அடைபட்டது. நிருபதுங்க பல்லவனின் பாகூர்ச் செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டில், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக எழுதிவைத்தன. அம்மூன்று ஊர்களில் உழுதவர்களின் பிள்ளைகள் அச்சாலையின் திண்ணையில் அமர்ந்தார்களா என்பதைச் செப்பேடு கூறவில்லை. மகாதேவனின் நூல் அக்காலம்வரை வருவதுமில்லை. அடைபட்ட கதையை எழுதும் பணி வேறொருவருக்காகக் காத்திருக்கிறது.